முன்னிலையைக் காக்கும் வித்தை

2025 ஏப்ரல் 12ஆம் தேதி இரவு, கொல்கத்தாவின் சால்ட் லேக் மைதானத்தில் ஐம்பதாயிரத்துக்கும் அதிகமான ஜனங்கள் எதிரணிக்காக எழுப்பிய பேரொலியின் நடுவே, வலப்புறமிருந்து நம் பெங்களூரு எஃப்.சி.யின் ரயான் வில்லியம்ஸ் கோல் முகப்பை நோக்கித் தாழ்வாக அடித்த பந்தைத் தடுக்க நீண்ட மோகன் பகான் வீரர் ஆல்பர்ட்டோ ரோட்ரிகஸின் கால், அந்தப் பந்தைத் தம் சொந்த வலைக்குள்ளேயே செலுத்திவிட்டபோது, அல்சூரில் நண்பர் ஒருவர் வீட்டுக் கூடத்தில் தொலைக்காட்சிக்கு முன் அமர்ந்திருந்த நாங்கள் அத்தனை பேரும் ஏக காலத்தில் எழுந்து நின்றுவிட்டோம். ஆட்டத்தின் 49ஆவது நிமிஷம் அது. முதுகில் 11 என்ற எண் பொறித்த நீலச் சட்டை அணிந்திருந்த நண்பரின் பேரன் வாசல்வரை ஓடித் திரும்பி வந்தான். இளமையில் கௌதமபுர மைதானத்தில் வெறுங்காலோடு பந்தாடிப் பழகிய என் நண்பர் மட்டும் எழவில்லை. "இன்னும் நாற்பது நிமிஷம் இருக்குது சார்" என்றார்.

அவர் சொன்னது அவநம்பிக்கையால் அன்று, அனுபவத்தால். 72ஆவது நிமிஷத்தில் பெனால்டி எல்லைக்குள் நம் சிங்ளன்சனா சிங்கின் கையில் பந்து பட, ஜேசன் கம்மிங்ஸ் பெனால்டியை கோலாக்கிச் சமன் செய்தார். கூடுதல் நேரம் தொடங்கி ஆறாவது நிமிஷத்தில் ஜேமி மெக்லாரன் அடித்த கோல் ஆட்டத்தை முடித்துவைத்தது. இந்தியன் சூப்பர் லீகின் கோப்பை 2-1 என்ற கணக்கில் மோகன் பகானுக்குப் போயிற்று, பெங்களூரு எஃப்.சி. மறுபடியும் இரண்டாம் இடத்தோடு ஊர் திரும்பியது.

தோல்வியின் வேதனை சற்று ஆறியபின், அந்த 2024-25 பருவத்தை நிதானமாகத் திரும்பிப் பார்க்கும் எந்த அபிமானியும் முதலில் நன்றி சொல்லவே கடமைப்பட்டிருக்கிறான். அதற்கு முந்தைய 2023-24 பருவத்தில் 22 ஆட்டங்களில் 22 புள்ளிகளே பெற்றுப் பத்தாவது இடத்தில் சோர்ந்து கிடந்த அணி இது. அந்தப் பருவத்தின் நடுவில் பொறுப்பேற்ற ஸ்பானியப் பயிற்சியாளர் ஜெரார்டு ஜாராகோஸா, அடுத்த பருவத்தில் அதே அணியை 24 ஆட்டங்களில் 38 புள்ளிகளோடு மூன்றாம் இடத்துக்கு உயர்த்தி, இறுதி ஆட்டம் வரையில் அழைத்துச் சென்றார் என்பது சாமானியமான சாதனை அன்று. செப்டம்பர் 28ஆம் தேதி கண்டீரவா மைதானத்தில் இதே மோகன் பகானை 3-0 என்று வென்றதும், டிசம்பர் 7ஆம் தேதி கேரளா பிளாஸ்டர்ஸுக்கு எதிராகச் சுனில் சேத்ரி மூன்று கோல்கள் அடித்து 4-2 என்று வெற்றி தேடித் தந்ததும், மார்ச் 29ஆம் தேதி மும்பை சிட்டியை 5-0 என்று நிர்மூலமாக்கியதும், கப்பன் பார்க் மெட்ரோ நிலையத்திலிருந்து இரவு பத்து மணிக்கு வீடு திரும்பும் கூட்டத்தை வழியெல்லாம் பாடவைத்த ஆட்டங்கள்.

அந்த மும்பை ஆட்டத்தின் விசேஷம் வெற்றியின் அளவில் மட்டும் இல்லை. சுரேஷ் சிங் வாங்ஜம், எட்கர் மெண்டஸ், ரயான் வில்லியம்ஸ், சேத்ரி, ஜோர்ஜ் பெரேரா தியாஸ் என்று ஐந்து கோல்களையும் ஐந்து வெவ்வேறு பேர் அடித்தார்கள். எதிரணியின் காவலர்கள் பந்தைத் தொட்ட மறுகணமே இரண்டு மூன்று பேராகப் பாய்ந்து நெருக்கி, அவர்களைத் தவறு செய்ய வைத்து, பறித்த பந்தை அங்கிருந்தே கோலாக மாற்றுவதுதான் ஜாராகோஸா கையாண்ட உபாயம். அது முழு வடிவில் சித்தித்த இரவு அது. சுரேஷ் நடுக்களத்தில் ஓடிய ஓட்டத்தைக் கண்டீரவாவின் படிக்கட்டில், ஓட்டப் பந்தயத் தடத்துக்கு அப்பால் வெகு தூரத்தில் அமர்ந்து பார்த்தவர்கள்கூட அவருடைய மூச்சின் வேகத்தை உணர்ந்திருப்பார்கள்.

ஆனால் நெருக்கிப் பறிக்கும் இந்த ஆட்டமுறைக்கு ஒரு விலை உண்டு. முதல் ஒரு மணி நேரம் எதிரியின் பாதியிலேயே ஓடி ஓடிப் பந்தைப் பறிக்கும் கால்கள், அடுத்த அரை மணி நேரத்தில் தளர்ந்துபோகின்றன. தளர்ந்த கால்கள் பின்வாங்குகின்றன. பின்வாங்கிய அணி தன் கோல் முகப்பிலேயே கூட்டமாக நின்று, வருகிற பந்தையெல்லாம் வெளியே அடித்து, அடித்த பந்து உடனே எதிரியிடமே போய்ச் சேர, கார்னரும் ஃப்ரீ கிக்கும் பெனால்டியுமாகத் தன்மேல் தானே ஆபத்தை வருவித்துக்கொள்கிறது. ஜனவரி 4ஆம் தேதி ஜாம்ஷெட்பூரில் ஆல்பர்ட்டோ நொகேராவின் கோலால் கிடைத்த முன்னிலையை 84ஆவது நிமிஷம் வரையில் காத்த அணி, அதன்பின் இரண்டு கோல் வாங்கித் தோற்றது. அதே மாதம் 22ஆம் தேதி சொந்த மைதானத்திலேயே ஒடிசாவுக்கு எதிராக இரண்டு கோல் முன்னிலை பெற்றும் 3-2 என்று தோல்வி. அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் கோவாவை 2-0 என்று வென்று, அந்த இரண்டு கோல் பலத்தோடு ஃபடோர்டாவுக்குச் சென்றபோதும் 88ஆவது நிமிஷத்துக்குள் அந்தப் பலம் முழுவதும் கரைந்துவிட்டிருந்தது.

ஃபடோர்டாவில் அன்று நம்மைக் காத்தது ஒரு தனி மனிதரின் தலை. ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போகப் போகிறது என்று இரு தரப்பும் மனத்தைத் தயார் செய்துகொண்டிருந்த தறுவாயில், 92ஆவது நிமிஷத்தில், நம்கியால் பூட்டியா அனுப்பிய பந்து கோல் முகப்பில் வளைந்து இறங்கியது. காவலர்களுக்கு இடையே சரியான இடத்துக்குச் சரியான கணத்தில் வந்து சேர்ந்த சேத்ரி, அதைப் பலங்கொண்டு முட்டாமல் நெற்றியால் மெல்லத் திசை திருப்பி வலையில் சேர்த்தார். அவருக்கு வயது நாற்பது. அந்தப் பருவத்தில் அவர் அடித்த கோல்கள் 14. இந்திய ஆட்டக்காரர்களில் அவரைவிட அதிகம் அடித்தவர் ஒருவருமில்லை. சர்வதேச ஆட்டத்திலிருந்து 2024 ஜூனில் விடைபெற்றவரை மறுபடியும் தேசிய அணிக்கு அழைக்க நேர்ந்ததும், 2025 மார்ச்சில் ஷில்லாங்கில் மாலத்தீவுக்கு எதிராக அவர் தம் 95ஆவது கோலை அடித்ததும், அவருடைய மேன்மைக்குச் சான்றாவதோடு, அவருக்குப் பின்னால் நிற்கும் வெற்றிடத்துக்கும் சான்றாகின்றன.

இனி, என் நண்பரின் அச்சத்துக்குக் காரணமான பழைய கணக்கைப் பார்க்கவேண்டும். 2015 மே 31ஆம் தேதி, கண்டீரவாவில் ஐ-லீகின் கடைசி நாள். வென்றால் பட்டம் நமக்கு, சமன் ஆனால் மோகன் பகானுக்கு. ஜான் ஜான்சன் அடித்த கோலால் முன்னிலையில் இருந்தோம். 87ஆவது நிமிஷத்தில் ஒரு கார்னரிலிருந்து பெல்லோ ரசாக் தலையால் முட்டிச் சமன் செய்தார். 2018 மார்ச் 17ஆம் தேதி, அதே மைதானத்தில் சென்னையின் எஃப்.சி.க்கு எதிரான இறுதி ஆட்டம். தமிழ் பேசும் பெங்களூருவாசிகளின் வீடுகளில் அண்ணன் ஒரு பக்கமும் தம்பி ஒரு பக்கமுமாகப் பிரிந்து உட்கார்ந்த நாள். 9ஆவது நிமிஷத்திலேயே சேத்ரி கோல் அடித்தார். மைல்சன் ஆல்வஸ் இரண்டு கார்னர்களில் இரண்டு முறை தலையால் முட்டி அதை மாற்றி எழுதினார். 3-2 என்று கோப்பை சென்னைக்குச் சென்றது. 2023 மார்ச் 18ஆம் தேதி, ஃபடோர்டாவில் மீண்டும் மோகன் பகான். ராய் கிருஷ்ணாவின் கோலால் 2-1 என்று முன்னேறிய ஏழு நிமிஷத்தில் திமித்ரி பெட்ராடோஸ் பெனால்டியில் சமன் செய்தார். பிறகு பெனால்டி அடிப்பில் தோல்வி. கடைசியாக, நான் மேலே சொன்ன 2025.

நான்கு பட்டங்களும் முன்னிலையில் இருந்துதான் கைநழுவின. நான்கு முறையும் அந்த முன்னிலையைப் பறித்தது நின்ற பந்து: இரண்டு முறை கார்னர், இரண்டு முறை பெனால்டி. இதை விதி என்று சொல்லி ஆறுதல் அடைவது அபிமானிக்கு எளிது. அணிக்கு அது ஆகாது. ஏனென்றால், 2019 மார்ச்சில் மும்பையில் கோவாவை வென்று நாம் முதலும் முடிவுமாக எடுத்துவந்த அந்த சூப்பர் லீக் கோப்பையே, 117ஆவது நிமிஷத்தில் திமாஸ் டெல்காடோ அடித்த கார்னரை ராகுல் பேகே தலையால் முட்டியதால் வந்தது. 2017இல் கட்டாக்கில் கூட்டமைப்புக் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் இதே மோகன் பகானைக் கூடுதல் நேரத்தில் சி.கே. வினீத்தின் இரண்டு கோல்களால் வீழ்த்தியவர்களும் நாமே. ஆகவே எதிரியின் பெயரிலும் சாபமில்லை, கூடுதல் நேரத்திலும் சாபமில்லை. களைத்த அணி தன் முகப்புக்குள் ஒடுங்குவதில்தான் குறை இருக்கிறது.

இந்தக் குறைக்கு மருந்து கோல்கீப்பர் குர்பிரீத் சிங் சந்துவின் கைகளில் மட்டும் இருக்க முடியாது. 2024-25 பருவத்தின் தொடக்கத்தில் ஐந்து ஆட்டங்கள் ஒரு கோல்கூட விடாமல் அவரும் அவர் முன் நின்ற காவலர்களும் காத்தார்கள். அவர்களிடம் திறமைக் குறைவு என்று சொல்ல நியாயமில்லை. வேண்டியது, அறுபதாவது நிமிஷத்துக்குப் பிறகும் எதிரியின் பாதியிலேயே பந்தை வைத்திருக்கக்கூடிய புதிய கால்கள். அதாவது, வெளியே அமர்ந்திருக்கும் இளைஞர்களை நம்பி உள்ளே அனுப்பும் துணிவு.

அந்த இளைஞர்கள் இல்லாமல் இல்லை. செப்டம்பர் 14ஆம் தேதி, அந்தப் பருவத்தின் முதல் ஆட்டத்தில் ஈஸ்ட் பெங்காலை வென்ற அந்த ஒரே கோலை அடித்தவர், இந்த ஊரிலேயே வளர்ந்து இந்தக் கழகத்தின் பயிற்சிக்கூடத்திலிருந்து எழுந்த வினித் வெங்கடேஷ்; அப்போது அவருக்கு வயது 19. சிவகங்கைச் சீமையின் கண்டனூரிலிருந்து வந்த சிவசக்தி நாராயணன் 2022இல் டூரண்ட் கோப்பை இறுதி ஆட்டத்தில் மும்பைக்கு எதிராக முதல் கோலை அடித்தார். அடுத்து வந்த சூப்பர் லீகில் வளரும் ஆட்டக்காரருக்கான விருதும் பெற்றார். 2023 இறுதி ஆட்டத்தின் தொடக்கத்திலேயே காயமுற்று அவர் வெளியேற நேர்ந்தது அவருக்கும் அணிக்கும் நேர்ந்த துரதிர்ஷ்டம். 2024-25 பருவத்தில் இவ்விருவருக்கும் இன்னும் தாராளமாக ஆட்ட நிமிஷங்களை அளித்திருக்கலாம் என்பது என் திடமான அபிப்பிராயம். ஜனவரியில் இருபது நிமிஷம் ஆடிப் பழகாத இளைஞனை ஏப்ரல் இறுதி ஆட்டத்தில் இறக்க எந்தப் பயிற்சியாளருக்கும் மனம் துணியாது.

இந்த ஊருக்குக் கால்பந்து நேற்று வந்ததன்று. 1937ஆம் ஆண்டிலும் 1938ஆம் ஆண்டிலும் பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையை வென்று வந்தது பெங்களூர் முஸ்லிம்ஸ் அணி. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராகச் சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கோலை அடித்த சாரங்கபாணி ராமன் இந்த மண்ணின் ஆட்டக்காரர். ஈஸ்ட் பெங்காலின் பஞ்ச பாண்டவர்கள் என்று வங்காளிகள் கொண்டாடிய ஐவரில் அகமது கானும் தன்ராஜும் இங்கிருந்து போனவர்களே. கௌதமபுரத்தில் பீலேயின் சிலையை நிறுவி வைத்திருக்கிறார்கள். அதைக் கடந்து விடியற்காலையில் பந்தைக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு மைதானத்துக்கு நடக்கும் பையன்களை நான் பல நாள் கண்டிருக்கிறேன். பத்துப் பேருக்கு ஒரு ஜோடி பூட்ஸ். கோல் அடித்தவன் அதைக் கழற்றி அடுத்தவனுக்குக் கொடுக்கிறான். கால் சலிக்காமல் இரண்டு மணி நேரம் ஓடுகிறார்கள். கண்டீரவாவில் கடைசி அரை மணி நேரத்தில் நமக்குக் குறைவாக இருப்பது இந்த ஓட்டம்தான்.

அணியை நடத்துவோருக்கு என் வேண்டுகோள் இரண்டு. நின்ற பந்தைத் தடுக்கும் பயிற்சியை அடுத்த பருவத்தின் முதல் பாடமாக வையுங்கள். முன்னிலை பெற்ற ஆட்டங்களில் இளைஞர்களை வெளியே காக்க வைக்காமல், அந்த முன்னிலையைக் காக்கும் பொறுப்பை அவர்களிடமே கொடுத்துப் பழக்குங்கள்.

அபிமானிகளுக்கு ஒன்று. கண்டீரவாவுக்கு ஆயிரக்கணக்கில் வருகிற நாம், அசோக் நகரில் இருக்கும் பழைய பெங்களூர் கால்பந்து மைதானத்துக்கும் வரவேண்டும். 2013-14இல் இந்தக் கழகம் தன் முதல் பருவத்தை ஆடி, முதல் முயற்சியிலேயே ஐ-லீக் பட்டம் வென்றபோது அதன் சொந்த வீடு அதுதான். இன்று நகரத்து சூப்பர் டிவிஷன் ஆட்டங்கள் அங்கே நடக்கின்றன. நாளைய நீலச் சட்டைக்காரர்கள் அங்கே பாதி காலியான படிக்கட்டுகளின் முன் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு மாலை நேரம் போய் உட்கார்ந்து பாருங்கள்.