கீரைக்கு எந்த வெளிச்சம்? எல்.இ.டி.யும் சோடியமும்

பெங்களூரில் மொட்டை மாடி கைவசம் இருப்பவர்கள் இதைப் படிக்க வேண்டியதில்லை. ‘ஊட்டா ஃப்ரம் யுவர் தோட்டா’ மாடித்தோட்டச் சந்தையில் விதை வாங்கிப் போட்டால் போதும், மிச்சத்தை வெயில் பார்த்துக்கொள்ளும். பக்கத்து அடுக்ககத்தின் சுவரைப் பார்த்தபடி பால்கனி அமைந்தவர்களுக்குத்தான் சிக்கல். ஆடி, ஆவணியில் வானம் மூடிக்கொண்டால் கொத்தமல்லி வெளிறி, நீண்டு, சாய்ந்துவிடும். அவர்கள் விளக்கு வாங்கத்தான் வேண்டும்.

இரண்டு விளக்குகளை என் வீட்டில் மாற்றி மாற்றி எரித்துப் பார்த்தேன். ஒன்று, 100 வாட் வெள்ளை எல்.இ.டி. பலகை. மற்றொன்று எச்.பி.எஸ்., அதாவது தெருக்களில் ஆரஞ்சு நிறத்தில் எரிந்த அதே சோடியம் வேப்பர் பல்பு, 250 வாட். கூடவே கனமான சோக், இக்னைட்டர், அலுமினிய ரிஃப்ளெக்டர். சோடியம் செட்டின் ஆரம்பச் செலவு குறைவு. அதன் சாதகம் அதோடு முடிந்துவிடுகிறது.

கண்ணுக்கு சோடியம்தான் பளிச்சென்று தெரியும். நம் கண் மஞ்சள் பச்சைப் பகுதியை அதிகமாக உணர்வதால் வரும் மயக்கம் அது. செடி 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான ஒளித்துகள்களை எண்ணிக்கொள்கிறது. போனில் உள்ள லக்ஸ் செயலி காட்டும் எண்ணை வெள்ளை எல்.இ.டி.க்குச் சுமார் 70 ஆலும் சோடியத்துக்கு 82 ஆலும் வகுத்தால் செடிக்குக் கிடைப்பது தோராயமாகத் தெரியும். கீரைக்கு, ஒரு சதுர மீட்டரில் நொடிக்கு 200 மைக்ரோமோல் வீதம் 14 மணி நேரம் கிடைத்தாலே நன்றாக வரும். எல்.இ.டி.யில் அது 14,000 லக்ஸ். நல்ல எல்.இ.டி. ஒரு ஜூலுக்கு 2.5 மைக்ரோமோல் தரும். 250 வாட் சோடியம் செட், சோக்கிலும் ரிஃப்ளெக்டரிலும் போகும் இழப்பைக் கழித்தால், ஒன்றைச் சற்றே தாண்டும். ஆக, 100 வாட் பலகை தரும் ஒளியைவிடக் கொஞ்சம்தான் கூடுதலாகத் தர, சோடியம் செட் பிளக்கிலிருந்து 275 வாட் இழுக்கிறது.

அத்தனை மின்சாரமும் கடைசியில் அறைக்குள் சூடாகத்தான் வந்து சேர்கிறது. நெதர்லாந்தின் பசுமைக்குடில்களில் குளிர்காலத்துக்கு அந்தச் சூடு உதவியது. நமக்கு டிசம்பர் பகலிலேயே 26, 27 டிகிரி இருக்கிறது. ஏப்ரலில் கேட்கவே வேண்டாம். சூடு ஏறினால் கொத்தமல்லி இலை விடுவதை நிறுத்திப் பூக்கத் தொடங்கிவிடும். அலமாரித் தட்டுகளுக்கிடையே ஒன்றரை அடிதான் இடைவெளி என்றால் சோடியத்தை மாட்டவே முடியாது, நுனி இலைகள் கருகும். பலகையை ஒரு அடி உயரத்தில் தொங்கவிட்டாலும் இலைமேல் கை வைத்தால் மிதமான சூடுதான். சோடியத்தில் நீல ஒளி குறைவு. அதனால் தண்டு நீளும். அந்த ஆரஞ்சு வெளிச்சத்தில் எல்லா இலையும் மஞ்சளாகத் தெரிவதால் உண்மையான மஞ்சளிப்பையும் அசுவினியையும் பிடிக்க டார்ச் தேவைப்படுகிறது. ஊதா நிற எல்.இ.டி.களிலும் இதே தொல்லை; வெள்ளையையே வாங்குங்கள்.

மழைக்காலத்தில் கரண்ட் போய் வரும்போது வித்தியாசம் இன்னும் பெரிது. எல்.இ.டி. அடுத்த நொடியே எரிகிறது, வீட்டு இன்வெர்ட்டரிலும் ஓடும். சூடான சோடியம் பல்பு ஆறிய பிறகே மறுபடி பற்றும். முழு வெளிச்சத்துக்கு மேலும் சில நிமிடங்கள்.

எனக்கு முடிவைத் தந்தது பெஸ்காமின் மின்சார பில். ஒரு நாளைக்கு 14 மணி நேரம் எரித்தால் மாதத்துக்கு எல்.இ.டி. 42 யூனிட், சோடியம் 115 யூனிட். கர்நாடகத்தின் கிருஹ ஜோதி இலவச மின்சாரத் திட்டத்தில் 2023 முதல் வீடுகளுக்கு 200 யூனிட் என்ற எல்லை இருக்கிறது. உங்களுக்கு அனுமதித்த சராசரியைத் தாண்டினால் கூடுதலுக்கு மட்டும் பணம். 200ஐத் தாண்டினால் முழு பில்லும் உங்கள் தலையில். மாதம் 110 யூனிட் ஓடும் வீடு எல்.இ.டி.யோடு 152இல் நிற்கும். சோடியத்தோடு 225க்குப் போகும். ஒரு கட்டுக் கீரைக்காக அந்தச் சலுகையை இழப்பது நியாயமே இல்லை.

எல்.இ.டி. வாங்கும்போது பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும் ‘1000 வாட்’டை நம்பாதீர்கள். உண்மையில் எத்தனை வாட் இழுக்கிறது என்று கேளுங்கள். பிளக்கில் செருகும் எனர்ஜி மீட்டரில் போட்டுப் பார்ப்பது இன்னும் நல்லது. பலகைக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் டிரைவர் தனியாக, கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும்; எல்.இ.டி.யைவிட முதலில் பழுதாவது பெரும்பாலும் அதுதான். டிரைவரே இல்லாமல் 230 வோல்ட் நேரடியாகப் பலகைக்கே வரும் மலிவு ரகங்களும் விற்கிறார்கள். தண்ணீர் தெளிக்கும் இடத்தில் அவை ஆபத்து, எர்த் கம்பி இல்லாவிட்டால் தொடவே வேண்டாம். இரண்டடிக்கு நான்கடித் தட்டுக்கு 100 வாட் போதும். இரண்டடிச் சதுரத் தட்டுக்கு 50 வாட்டே தாராளம்.