பெபேயாளின் சான்றுக் கடிதமும் ஓசூர்த் தொழிற்சாலை வாயிலும்

ஆயரின் மேசையில் எழுதப்படும் தாள்களுள் இறையியலாரின் ஆய்வுக்கு உட்படாத ஒன்று உண்டெனில், அது நன்னடத்தைச் சான்றுக் கடிதமே. ஓசூர், சூளகிரி, கிருஷ்ணகிரி வட்டாரங்களில் ஊழியம் செய்வோரிடம் வேலைக்காகவும் விடுதி இடத்திற்காகவும் இளைஞர் அதனைக் கேட்டு வருகின்றனர். இக்கடிதங்களின் சொற்கள் பெரும்பாலும் அச்சில் வார்த்தவை. வாலிபனாயின் “பொறுப்புள்ளவர், முன்னின்று நடத்தும் ஆற்றலுடையவர்”. இளம்பெண்ணாயின் “அடக்கமானவர், பொறுமைசாலி, பெரியோர் சொல்லைத் தட்டாதவர்”. இரண்டும் புகழுரைகளே. ஆயினும் முதலாவது மேற்பார்வையாளரின் நாற்காலியைச் சுட்டுகிறது. இரண்டாவது உற்பத்தி வரிசையில் நிற்பதற்குத் தகுதி கூறுகிறது. நற்சொல்லே ஒருவரைத் தாழ்த்தும் கருவியாகக் கூடுமோ என்பதை ஆராய, புதிய ஏற்பாட்டிலுள்ள ஒரு சான்றுக் கடிதத்திலிருந்தே தொடங்குவோம்.

ரோமர் 16ஆம் அதிகாரத்தின் முதலிரு வசனங்கள், கெங்கிரேயா சபையைச் சேர்ந்த பெபேயாளுக்குப் பவுல் அளித்த பரிந்துரை. அதில் அவர் இரு பட்டங்களை அவளுக்குச் சூட்டுகிறார். முதலாவது ‘தியாக்கொனொஸ்’. தம்மையும் அப்பொல்லோவையும் குறிக்க 1 கொரிந்தியர் 3:5இல் அவர் வழங்கும் சொல் இதுவே. பழைய மொழிபெயர்ப்பு இதனை ‘ஊழியக்காரி’ எனத் தருகிறது. இதில் நாம் குறை காண்பதற்கில்லை. இரண்டாவது சொல்லான ‘ப்ரொஸ்தாத்திஸ்’ என்பதே நம் கவனத்திற்குரியது. இதனோடு உறவுடைய வினைச்சொல் நான்கு அதிகாரங்களுக்கு முன், 12:8இல் வருகிறது. ஆங்கே அது ஆண்பாலில் நிற்கிறது. தமிழில் ‘முதலாளியானவன்’ ஆகிறது! 1 தீமோத்தேயு 5:17இல் மூப்பர்களைக் குறித்து வரும்போது ‘விசாரணை செய்கிற’ என்றாகிறது. பெபேயாளிடம் வந்தபோதோ ‘ஆதரவாயிருந்தவள்’ என்று மென்மையாகிவிட்டது. ஆணுக்கு முதலாண்மையும் விசாரணையும், பெண்ணுக்கு ஆதரவு.

மொழிபெயர்த்தோர் சூழ்ச்சி செய்தனர் என்பது நம் கருத்தன்று. பவுலுக்கே பெபேயாள் தலைவியாயிருந்தாள் எனப் பொருள்கொள்வதில் இடர் இருந்ததையும் மறுக்க இயலாது. அக்கால ரோமப் பேரரசில் இச்சொல் செல்வமும் செல்வாக்கும் கொண்டு பிறருக்குக் காப்பாளராய் விளங்கியவரைச் சுட்டிற்று. எனவே ‘ஆதரவு’ என்பது பொய்யன்று. ஆனால் அவள் செய்த உதவியை அது கூறுகிறதேயன்றி, எந்த நிலையிலிருந்து செய்தாள் என்பதைக் கூறவில்லை. கடிதத்தில் இருந்த பதவி, தமிழில் ஒரு குணமாகிவிட்டது.

பழைய ஏற்பாட்டிலும் இதனைக் காணலாம். ‘ஹாயில்’ என்னும் எபிரெயச் சொல் வலிமையைக் குறிப்பது. அது அமைந்த தொடரால் அழைக்கப்படும் கிதியோன் நமக்குப் ‘பராக்கிரமசாலி’. அதே சொல் ரூத்தையும், நீதிமொழிகள் 31இன் பெண்ணையும் சேரும்போது ‘குணசாலி’. அப்பெண்ணோ வயலை வாங்குகிறவள், கைகளைப் பலப்படுத்துகிறவள். அவள் அடக்கத்தைப் பற்றி அவ்வதிகாரம் பேசுவதாக நமக்குத் தெரியவில்லை.

இனி ஓசூருக்கு வருவோம். 1971இல் தொடங்கப்பெற்ற சிப்காட் நிறுவனம் இவ்வூரைத் தொழில் நகராக்கிற்று. இயந்திரங்களும் மோட்டார் வாகனங்களும் செய்த இம்மண்டலம் இன்று மின்னணுப் பொருள்களுக்கும் பெயர் பெற்றுள்ளது. பெண்களை நோக்கிய அழைப்பும் பெருகியுள்ளது. போச்சம்பள்ளிப் பகுதியிலுள்ள தன் மின்சார இருசக்கர வாகனத் தொழிற்சாலை முழுவதும் பெண்களாலேயே நடத்தப்படும் என்றும், அங்கு 10,000 பெண்கள் வரை வேலை பெறுவர் என்றும் ஓலா நிறுவனம் 2021 செப்டம்பரில் அறிவித்தது. வேலை கிடைப்பது நன்றே. அப்பெண்களின் கையில் ஊதியம் சேர்வதை நாம் மகிழ்வுடன் வரவேற்கிறோம். எனினும் பெண்களை விரும்பி எடுப்பதற்குத் தொழிலுலகம் சொல்லிவரும் காரணம் எது? மெல்லிய விரல்கள், பொறுமை, ஒழுங்கு. டையன் எல்சன், ரூத் பியர்சன் என்னும் இரு பெண் அறிஞர்கள் 1981இலேயே இதனை ஆராய்ந்தனர். அவ்விரல்களின் லாகவம் பிறவிக் குணமன்று. சிறுமிப் பருவமுதல் வீட்டில் தையலிலும் பிற வேலைகளிலும் பெற்ற பயிற்சி. பயிற்சி என ஒப்புக்கொண்டால் திறனுக்குரிய கூலி தரவேண்டும்; இயற்கை என்றுவிட்டால் அது வேண்டுவதில்லை. ஆயரின் ‘பொறுமைசாலி’ என்ற சொல், அவர் அறியாமலே இக்கணக்கில் சேர்கிறது. கற்றோர் உலகமும் இதற்கு விலக்கன்று. அமெரிக்க மருத்துவக் கல்லூரியொன்றின் ஆசிரியப் பதவிகளுக்கு வந்த முந்நூற்றுக்கு மேற்பட்ட பரிந்துரைக் கடிதங்களை ஆராய்ந்து 2003இல் வெளிவந்த கட்டுரை, பெண்களுக்கான கடிதங்கள் சராசரியில் குறுகியவையாகவும், ஐயம் எழுப்பும் தொடர்கள் மிகுந்தவையாகவும் இருந்ததைக் காட்டிற்று.

பெண் என்பதோடு இனமும் சேரும்போது நிலை மேலும் கடினமாகிறது. ஓசூருக்கு அருகில் அமையும் ஐபோன் தொழிற்சாலையின் முதல் 6,000 ஊழியர்கள் ராஞ்சி, ஹசாரிபாக் பகுதிகளின் ஆதிவாசிப் பெண்கள் என்று மத்திய அமைச்சர் அசுவினி வைஷ்ணவ் 2022 நவம்பரில் தெரிவித்தார். இம்மக்களைக் குறித்து “கடும் உழைப்பாளிகள், குறை சொல்லாதவர்கள்” என்ற பேச்சு எளிதில் எழுகிறது. இது புதிய பாராட்டன்று. அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத்துரைகள் இதே சோட்டா நாகபுரி மக்களை ‘முதல் தரக் கூலிகள்’ என்று வகைப்படுத்தினர். அந்த முதல் தரத்தார் தோட்டத்தை விட்டு ஓடினால் துரையே பிடித்துவைக்க 1865ஆம் ஆண்டுச் சட்டம் இடமளித்தது. மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் ‘பணிவானவர்கள்’ என்று பெயர் வாங்கிய தமிழராகிய நமக்கு இப்பாராட்டின் விலை தெரிந்திருக்க வேண்டும்.

தீத்து 1:12 கிரேத்தா தீவாரைப் பொய்யரென்றும் சோம்பேறிகளென்றும் பழிக்கும் கூற்றை எடுத்தாள்கிறது. அடுத்த வசனம் அதனை உண்மையென்றும் சொல்லுகிறது. விளக்கவுரையாளர் இவ்விடத்தில் தடுமாறுவர். ஆனால் அதே கடிதம் 1:5இல் அத்தீவின் பட்டணந்தோறும் மூப்பரை ஏற்படுத்தச் சொல்லுகிறது. அனைவரும் பொய்யராயின் மூப்பர் எங்கிருந்து வருவர்? ஆளைத் தனித்தனியே அறிந்து நியமிக்க வேண்டிய வேலை, இனத்தைப் பற்றிய பழமொழியைத் தானே பொய்யாக்கிவிடுகிறது.

ராஞ்சிக்குக் கோஸ்னர் மிஷனெரிகள் 1845இல் வந்தனர்; அங்கு வளர்ந்த லுத்தரன் திருச்சபை 1919இலேயே தன்னாட்சி பெற்றது. அத்தகைய சபையில் வளர்ந்த ஒரு பெண் ஓசூர் ஆலயத்தின் கடைசி இருக்கையில் அமர்ந்திருக்கக்கூடும். தமிழ் அவளுக்குப் புரியாது. அவள் மொழி ஆயருக்குப் புரியாது. அந்நிலையில் எழுதப்படும் சான்று ‘எளிய சுபாவம் உடையவர்’ என்பதைத் தாண்டாது. ஊரில் அவள் பாடகர் குழுவை நடத்தினாளா, சங்கத்தின் கணக்கை எழுதினாளா என்பதை அவளுடைய சொந்த ஆயர் அறிவார். அவருக்கு ஒரு கடிதம் எழுதிக் கேட்க ஓசூர் ஆயருக்குத் தடையேதுமில்லை.