தன்மையும் அதிசயமும்: விளையாட்டு வர்ணனையின் பள்ளிகள்

சுன்னாகம் அ. குமாரசுவாமிப் புலவர் (1854–1922) தண்டியலங்காரத்துக்குப் புத்துரை கண்டவர். விளையாட்டு மலரில் அவருக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். தண்டி பொருளணிகளை வரிசைப்படுத்தும்போது தன்மையணியை முதலில் வைக்கிறார். உள்ளதை உள்ளபடி சொல்வது அது. வரம்பு கடந்து உயர்த்திச் சொல்லும் அதிசய அணிக்கு உவமை, உருவகம் எல்லாம் முடிந்து வெகு பின்னால்தான் இடம். விளையாட்டு வர்ணனைக்கு இதைவிட நல்ல இலக்கணம் எனக்குத் தெரியவில்லை. யார் அடித்தார், பந்து எங்கே போனது, எத்தனைக்கு எத்தனை, இன்னும் எவ்வளவு நேரம் கிடக்கிறது: இவை தன்மை. இவற்றைச் சொல்லி முடித்தவருக்கே அதிசயத்தில் கைவைக்கும் உரிமை உண்டு.

உலகம் மனப்பாடம் செய்து வைத்திருக்கும் வாசகங்களை எடுத்துப் பாருங்கள். 1986 ஜூன் 22, மெக்சிகோ. இங்கிலாந்துக்கு எதிராகத் தன் பாதியிலிருந்து பந்தை உருட்டிக்கொண்டு ஓடிய மரடோனா, எதிர்ப்பட்டவர்களை ஒவ்வொருவராகக் கடந்து கோல் போட்டார். ஆர்ஜென்டீன வானொலிக்காகப் பேசிக்கொண்டிருந்த உருகுவேக்காரர் விக்டர் ஹியூகோ மொராலஸ் அழுதே விட்டார். எந்தக் கிரகத்திலிருந்து வந்தாய் என்று கேட்டார். பிரபஞ்சத்தில் பறக்கும் பட்டமே என்று அழைத்தார். தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறைக் கடற்கரையில் நின்று பட்டங்களை அண்ணாந்து பார்த்தவர்களுக்கு அந்த உருவகத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் நான் வியப்பது அதன் முடிவை. கடவுளுக்கு நன்றி சொல்லும்போது கால்பந்துக்காக, மரடோனாவுக்காக, இந்தக் கண்ணீருக்காக என்று அடுக்கியவர், கடைசியில் "ஆர்ஜென்டீனா 2, இங்கிலாந்து 0" என்று கோல் கணக்கில் வந்து நின்றார். அழுகைக்குள்ளும் கணக்குத் தவறவில்லை.

1981 செப்டெம்பரில் இங்கிலாந்தை ஒஸ்லோவில் வைத்து நோர்வே 2–1 என்று வென்றபோது, நோர்வே வர்ணனையாளர் பியோர்கே லில்லலீன், நெல்சன் பிரபு, சேர்ச்சில், மார்க்ரட் தட்சர் என்று ஆங்கிலேயப் பெரும்புள்ளிகளை வரிசையாகக் கூப்பிட்டு, உங்கள் பையன்கள் நல்லாக வாங்கிக் கட்டிக்கொண்டார்கள் என்றார். நம்மூர்ப் பட்டிமன்றக்காரர் எவரும் பொறாமைப்படக்கூடிய அடுக்கு. 2016இல் கொல்கத்தாவில் நடந்த இருபது ஓவர் உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் மேற்கிந்தியத் தீவுகளுக்குக் கடைசி ஓவரில் 19 ஓட்டம் வேண்டியிருந்தது. பென் ஸ்டோக்ஸின் முதல் நான்கு பந்தும் ஆறு ஓட்டங்களாகப் பறந்தன. இயன் பிஷப் சொன்னதெல்லாம் கார்லோஸ் பிராத்வெய்ட் என்ற பெயரும், இந்தப் பெயரை நினைவில் வையுங்கள் என்ற ஒரு வேண்டுகோளும்தான். 2011இல் மும்பையில் குலசேகரவின் பந்தைத் தோனி கூட்டத்துக்குள் அடித்தபோது, 28 ஆண்டுகளுக்குப் பின் இந்தியா கிண்ணம் தூக்குகிறது என்றார் ரவி சாஸ்திரி. தோற்றது இலங்கை அணி. என்றாலும் வாசகம் நல்ல வாசகம். அதைத் தாங்கி நிற்பது 28 என்ற எண்.

இதற்கு நேரெதிரே அடங்கிய குரலின் பள்ளி இருக்கிறது. ஜோன் ஆர்லட் கவிஞர். 1948இல் ஓவல் மைதானத்தில் பிரட்மன் தன் கடைசி டெஸ்ட் இன்னிங்ஸில் ஹொலிஸின் பந்தில் ஓட்டம் எதுவுமின்றி ஆட்டமிழந்தார். எதிரணியே வட்டமாக நின்று மூன்று முறை வாழ்த்தொலி எழுப்பிய மைதானத்தில், கடைசி ஆட்டத்தில், பந்து கண்ணுக்குத் தெளிவாகத் தெரியுமா என்று மட்டும் கேட்டுவிட்டு நிறுத்தினார் ஆர்லட். புலம்ப இடமிருந்தும் புலம்பவில்லை. ரிச்சி பெனோ தொலைக்காட்சியில் இன்னும் ஒரு படி போய், படத்தோடு சேர்க்க ஏதும் இல்லையென்றால் வாயைத் திறக்காதே என்பதையே சட்டமாக வைத்திருந்தார். தமிழ் வர்ணனையில் இன்னும் யாரும் எடுத்துக்கொள்ளாத பாடம் இது.

ஆட்டக்காரர்களே சொன்ன வீரவசனங்கள் வேறு சாதி. வண்ணத்துப்பூச்சியாய் மிதப்பேன், தேனீயாய்க் கொட்டுவேன் என்று 1964இல் முழங்கிய முகம்மது அலி நம் புறத்திணையில் பிறந்திருந்தால் வஞ்சினக் காஞ்சியில் சேர்த்திருப்பார்கள். அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

தமிழுக்கு வருவோம். கடல் கடந்து வந்த சென்னை வானொலியே நமக்குத் தமிழ்க் கிரிக்கெட் வர்ணனையைக் காதில் போட்டது. கூத்தபிரான், சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் ஆகிய பெயர்களை வடபுலத்து மூத்தவர்கள் இன்றும் சொல்வார்கள். 2020இல் மறைந்த ஜப்பார் நாடகக் குரல்காரர். இலங்கை வானொலி நாடகங்களிலும் பயின்றவர். பந்துவீச்சாளர் ஓடத் தொடங்கும்போது குரலும் ஓடத் தொடங்கி, பந்து தரையில் விழும் இடத்தில் ஒரு கணம் நிற்கும். ஆங்கில வர்ணனையை மொழிபெயர்ப்பது போலில்லாமல், தமிழில் பார்த்துத் தமிழில் சொன்ன குரல் அது. அங்கே ரன் என்றார்கள், இங்கே ஓட்டம் என்றோம். அதில் பெரிய வழக்கு எதுவும் இல்லை.

வானொலி கேட்பதில் புலவரின் சுன்னாகத்துக்கு ஒரு முரண் உண்டு. யாழ். குடாநாட்டுக்கு வெளிச்சம் கொடுத்த மின்நிலையம் நின்ற ஊர், 1990க்குப் பின் போரால் ஆண்டுக்கணக்கில் இருளில் கிடந்தது. பற்றரிக்கும் தடை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைச் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலி கேட்டார்கள். 1996 மார்ச் 17ஆம் திகதி லாகூரில் அரவிந்த டி சில்வா மூன்று விக்கெட்டும் ஆட்டமிழக்காத 107 ஓட்டங்களும் எடுத்து உலகக் கிண்ணத்தை வாங்கித் தந்த நாளில், சுன்னாகத்து மக்கள் சுன்னாகத்திலேயே இல்லை. முந்தைய ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்தை விட்டுப் புறப்பட்டவர்களில் பெரும்பகுதியினர் தென்மராட்சியிலும் வன்னியிலும் இருந்தார்கள். டைனமோ சுற்றுகிறவரின் கை களைத்தால் குரலும் மங்கிவிடும். அப்படிக் கேட்டவர்களுக்கு அலங்காரம் கேட்கப் பொறுமை ஏது? ஓட்டம் எத்தனை, விக்கெட் எத்தனை என்று அடிக்கொருதரம் சொல்லும் குரல்தான் தேவைப்பட்டது.

எங்கள் மண்ணின் சொந்தப் பள்ளி ஒலிபெருக்கியில் வளர்ந்தது. தை, மாசியில் பாடசாலைகளின் இல்ல மெய்வல்லுநர் போட்டி, கோடையில் மின்னொளி உதைபந்தாட்டம், மாட்டுவண்டிச் சவாரி எல்லாவற்றிலும் ஒலிபெருக்கி அறிவிப்பாளர் உண்டு. ஸ்கந்தவரோதயா மைதானமோ, தெல்லிப்பழை மகாஜனாவோ, ஊரெழு றோயல், குப்பிழான் குறிஞ்சிக்குமரன், மயிலங்காடு ஞானமுருகன் ஆடும் களமோ, அங்கே ஒலிவாங்கியைப் பிடிப்பவர் வானொலிக்காரரைவிடச் சிக்கலான இடத்தில் நிற்கிறார். கேட்பவர்களும் அதே ஆட்டத்தைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பிழைவிட்டால் வேலிக்கரையிலிருந்து உடனே கூச்சல் வரும். ஆகவே கண்ணுக்கு எட்டாததை அவர் சொல்லவேண்டும்: அந்தப் பின்கள வீரர் எந்த ஊர்ப் பிள்ளை, போன முறை இதே இரண்டு அணிகளும் மோதியபோது என்ன நடந்தது, அஞ்சலோட்டத்தில் இந்த இல்லம் முந்தினால் புள்ளி நிலை எப்படி மாறும். சவாரியில் இன்னும் கடினம். வண்டிகள் புறப்பட்டு முடிவதற்குள் எந்தப் பக்கத்து வண்டி, எந்த ஊர், யாருடைய சோடி என்பது மூச்சு விடாமல் வந்துவிட வேண்டும். மதுரைப் பக்கத்து ஏறுதழுவலில் திமிலைப் பிடித்தது ஒருவரா இருவரா என்று பார்த்து உரக்கத் தீர்ப்புச் சொல்லும் அறிவிப்பாளர்களும் இதே குலம்தான்.

இந்தப் பள்ளியின் குறைகளை மறைக்க வேண்டாம். கிண்ணம் அன்பளிப்புச் செய்த கனடா வாழ் அன்பரின் பெயரை வாசித்து முடிப்பதற்குள் கோல் விழுந்துவிடும். நடுவருக்கு நடுவராகவும் சிலர் பேசுவார்கள். என் அளவுகோல் ஒன்றுதான்: தன் ஊர் அணி கோல் வாங்கும்போதும் குரல் இறங்காமல், அடித்தவரின் பெயரைச் சரியாகச் சொல்பவரே நல்ல அறிவிப்பாளர். சிலேடை, அடுக்குமொழி எல்லாம் அதன் பிறகு.

2017இல் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழ் வந்த பின் பத்ரிநாத், சடகோபன் ரமேஷ் போன்ற முன்னாள் வீரர்களின் நுட்பப் பேச்சும், ஆர்.ஜே. பாலாஜியின் நையாண்டியும் இங்கே வீட்டுக்குள் வந்துவிட்டன. வீரர்கள் பேசுவதில் கற்க நிறைய இருக்கிறது. நையாண்டிக்கும் இடமுண்டு. ஆனால் நம் இளைஞர்கள் சினிமா வசனத்தை மட்டும் பொறுக்கிக்கொண்டு மைதானத்துக்கு வருவதுதான் கவலை. இப்போது ஊர்ப் போட்டிகள் இணையத்தில் நேரலையாகப் போகின்றன. ரொறன்ரோவிலும் லண்டனிலும் கேட்கிறார்கள். வேலிக்கரைக்குப் பேசிய ஒலிபெருக்கிக்காரர் திடீரென்று வானொலிக்காரர் ஆகிவிட்டார். சின்னக் கைப்பேசித் திரையில் பந்தைத் தேடுகிறவருக்குத் தன்மையணிதான் உதவும்.

1958இல் தோக்கியோ ஆசிய விளையாட்டில் யாழ். மத்திய கல்லூரியின் எதிர்வீரசிங்கம் 2.03 மீற்றர் உயரம் பாய்ந்து இலங்கைக்குத் தங்கம் கொணர்ந்தார். உயரம் நமக்கு நினைவிருக்கிறது. அந்தப் பாய்ச்சலைச் சொன்ன தமிழ்க் குரல் எதுவும் நம் காதில் இல்லை. 2020 டிசம்பரில் யாழ்ப்பாணத்துச் சுழற்பந்து வீச்சாளர் வியாஸ்காந்த் தன் முதல் லங்கா பிரீமியர் லீக் (எல்.பி.எல்.) ஆட்டத்தில் அஞ்சலோ மத்தியூஸை வீழ்த்திய கணத்துக்கும் ஊர் திருப்பிச் சொல்லும் ஒரு தமிழ் வாசகம் பிறக்கவில்லை. ஆனால் எத்தனையோ மைதான வர்ணனைகள் திருமண வீடியோக்களுக்கு நடுவிலும், ஒலிபெருக்கி வாடகைக் கடைகளின் பழைய ஒலிநாடாக்களிலும் இன்னும் கிடக்கின்றன. கைவசம் வைத்திருப்போர் அவற்றை நூலகம் நிறுவனத்தின் எண்ணிம ஆவணகத்துக்குக் கொடுத்து உதவுங்கள். கொடுக்கும்போது உறையின் மேல் போட்டி, மைதானம், திகதி, முடிவு, அறிவித்தவரின் பெயர் ஆகிய ஐந்தையும் எழுதிக் கொடுங்கள்.