பித்தளை வட்டின் காது

பழைய எலக்ட்ரானிக் அலாரம் கடிகாரத்தைப் பிரித்தால் ஒரு பித்தளை வட்டு கிடைக்கும். நடுவில் வெள்ளைப் பீங்கான் படலம். அதுதான் பீசோ. சென்னை ரிச்சி தெருவில் மலிவாக விற்கிறார்கள். அங்கிருந்து ஊத்துக்கோட்டை, நாகலாபுரம் வழியாகத் திருப்பதி போகும் சாலையில் பிச்சாட்டூர் என்ற ஊர் இருக்கிறது. மரப்பெட்டியைக் கிட்டாராக்கும் ஆசை அங்கே ஒருவருக்கு வந்தால் வட்டு எட்டாத தூரமில்லை.

சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் பிறக்கும் என்பதை 1880-இல் பியர் கியூரியும் அண்ணன் ஜாக்கும் கண்டறிந்தார்கள். தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்த பிக்கப்புக்கு இரும்புத் தந்தி வேண்டும். பீசோ கேட்பதோ மரத்தின் அதிர்வை. நைலான் தந்தி போதும்.

அழகு சால்டரிங்கில். சிவப்பு ஒயர் வெள்ளை நடுவுக்கு, கருப்பு பித்தளைக்கு. சூட்டுக்கோல் கொஞ்சம் தாமதித்தாலும் வெள்ளிப் பூச்சு உரிந்துவிடும். தொட்டதும் எடுக்கிற அந்தக் கைப்பக்குவம் பார்க்கப் பார்க்க அலுக்காது.

பிறகு இடம் தேட வேண்டும். தந்திகளைத் தாங்கும் குதிரைக்கு நேர் கீழே ஒட்டினால் ஒலி கூர்மையாக வரும். விரலகலம் நகர்த்தினால் குணம் மாறும். ஆம்ப்ளிஃபயரின் உள்ளீட்டு மின்தடை 1 மெகாஓம் அளவுக்காவது இல்லையென்றால் அடிநாதம் மெலிந்துபோகும். சின்ன ப்ரீஆம்ப் ஒன்றைச் சேர்த்ததும் பெட்டியில் விரல் தட்டுவதுகூடக் கேட்கிறது.