பொட்டிபுரத்துக் கணக்கும் சிம்பையின் மௌனமும்

தேனி மாவட்டம் பொட்டிபுரத்தில் அம்பரப்பர் மலையைக் குடைந்து, 50,000 டன் காந்த இரும்பு உணர்கருவியோடு நியூட்ரினோ ஆய்வகம் அமைக்கத் திட்டமிட்டார்கள். எதிர்ப்பும் வழக்குமாக அது நின்றுபோனது. ஆனால் அதன் கணக்கைப் போட்டுப்பார்க்க மலையைக் குடைய வேண்டியதில்லை. சிம்பை என்ற இலவசப் பைத்தான் இயற்கணித நூலகத்தை அதில்தான் சோதித்தேன். ஒருமுறை நிறுவிவிட்டால் போதும், ஏலத்தோட்டச் சரிவில் சிக்னல் போனாலும் ஓடும்.

நியூட்ரினோ போகும் வழியிலேயே வகை மாறும் நிகழ்தகவு இது: சைன்²(2தீட்டா) × சைன்²(1.27 × டெல்டா × எல் ÷ ஈ). தீட்டா கலப்புக் கோணம். டெல்டா நிறை வர்க்கங்களின் வேறுபாடு, எலக்ட்ரான் வோல்ட் வர்க்கத்தில். எல் தூரம், கிலோமீட்டரில். ஈ ஆற்றல், ஜிகா எலக்ட்ரான் வோல்ட்டில். தீட்டாவுக்கு பை/4, டெல்டாவுக்கு 0.0025, எல்லுக்கு 500, ஈக்கு 1 என்று 'சப்ஸ்' கட்டளையில் பிரதியிட்டேன். 0.9997 வந்தது. தூரத்தை 250 ஆக்கினால் ஏறக்குறைய பாதி. பள்ளியில் 'பிரதியிடுக' என்று போட்ட அதே கணக்குதான்.

முதல் முயற்சியிலேயே இப்படி வந்துவிடவில்லை. ஈயை மாறி என்று அறிவிக்க மறந்திருந்தேன். சிம்பையின் பெயர்களையெல்லாம் நிரலுக்குள் இறக்கிக்கொண்டால் அதில் ஈ என்பது 2.718 என்ற எண். பிழைச் செய்தி ஒன்றும் வரவில்லை. அந்த எண்ணையே கமுக்கமாக உள்ளே வைத்துக்கொண்டது. இன்னொரு தடவை, பிரதியிட்டும் கோவை அப்படியே இருந்தது. சப்ஸ் பழைய கோவையைத் தொடாது, புதியது ஒன்றைத் தரும். அதை வாங்கி வைக்காதது என் தவறு.

பெயர் ஒன்றானாலும் ஆள் வேறாக இருக்கலாம். மிகை எண் என்று அறிவித்த எக்ஸும் வெறும் எக்ஸும் சிம்பைக்கு இரண்டு ஆட்கள். ஒன்றுக்குப் போட்ட மதிப்பு மற்றதைத் தீண்டாது. தீண்டவில்லை என்பதையும் சிம்பை சொல்லாது. இந்த மௌனம்தான் எனக்குப் பெருங்குறை. புதிதாகக் கற்பவருக்கு எச்சரிக்கை ஒரு வரி போதுமே!

மாற்றும் வரிசையிலும் ஒரு சிக்கல் உண்டு. எக்ஸ் + 2ஒய்யில் இரண்டையும் இடம் மாற்றச் சொன்னால் 3எக்ஸ் வருகிறது. பட்டியலில் முதல் மாற்றம் முடிந்த பிறகே அடுத்தது நடப்பதால் வந்த வினை. 'சைமல்டேனியஸ்' என்பதை ட்ரூ ஆக்கினால் 2எக்ஸ் + ஒய் என்று சரியாகிறது.

இப்போதெல்லாம் விடையை நம்புமுன் 'ஃப்ரீ_சிம்பல்ஸ்' கேட்கிறேன். எந்தெந்த மாறி இன்னும் மிச்சம் என்று அது காட்டிவிடும்.