ஒருநாள் சுற்றுலா: பார்ப்பதும் பார்க்கவைப்பதும்

சென்னையிலிருந்து காஞ்சிபுரம் ஏறத்தாழ 75 கிலோமீட்டர். மாமல்லபுரம் அதைவிடக் கிட்டம். 'காலைல கிளம்பினா ராத்திரிக்குள்ள ரெண்டையும் பாத்துட்டு வந்துடலாம்' என்பது தலைநகரவாசிகளின் நாவில் சகஜமாகப் புழங்கும் வாக்கியம். இதில் 'பாத்துட்டு' என்கிற சொல் என்ன வேலை செய்கிறது என்பதே என் கேள்வி. ஒருநாள் சுற்றுலாவை வெறும் பொழுதுபோக்காக அல்லாமல், வரலாற்றை வாசிக்கக் கற்றுத்தரும் ஒரு பிரதியாகக் கொண்டால் சில விஷயங்கள் பிடிபடும்.

இப்பிரதியின் இலக்கணம் கால அட்டவணை. காஞ்சிக் கோயில்களில் நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள். ஆகவே காலையில் காஞ்சி, மாலையில் கடற்கரை, நடுவில் பட்டுக்கடை. கடையில் சேலை உண்டு. தறி கிடையாது, நெய்தவன் கிடையாது. வைகுந்தப் பெருமாள் கோயிலின் திருச்சுற்றுச் சுவரில், வாரிசற்றுப்போன அரியணைக்கு 12 வயதுச் சிறுவன் ஒருவனை அழைத்துவந்து நந்திவர்மனாக முடிசூட்டிய கதை தொடர்சிற்பமாக ஓடுகிறது. நின்று, நடந்து படிக்கவேண்டிய சுவர் அது. 'அரை மணில வண்டிக்கு வந்துடுங்க' என்கிற குரல் அதைப் படிக்கவிடாது. திருப்பருத்திக்குன்றத்துச் சமணக் கோயில் பெரும்பாலும் பட்டியலிலேயே இல்லை. மணிமேகலை வந்துசேர்ந்த பௌத்தக் காஞ்சி, மகேந்திரவர்மனின் 'மத்தவிலாச'த்தில் காபாலிகனும் பௌத்தத் துறவியும் தெருவில் சண்டையிடும் காஞ்சி, எல்லாம் கழிக்கப்பட்டு 'கோயில் நகரம்' என்கிற ஒற்றை அடையாளம் மிஞ்சுகிறது. இது மறதியல்ல, தேர்வு.

மாமல்லபுரத்தில் இது இன்னும் வெளிப்படை. பெரும்பாறைச் சிற்பம் அர்ஜுனன் தபசா, கங்கையை இறக்கிய பகீரதன் தபசா என்பது ஆய்வாளர்களிடையே நெடுநாள் விவாதம். வழிகாட்டிக்கு நேரமில்லை, ஒன்றைச் சொல்லி முடித்துவிடுகிறார். அதே பாறையில் ஒரு பூனை தவம்செய்கிறது, சுற்றிலும் எலிகள். தவத்தையே பகடிசெய்யும் அந்தப் பூனை சிரிப்பாகக் காட்டப்படுகிறதே தவிர, வாசிக்கப்படுவதில்லை. பாண்டவர் பெயர் தாங்கிய ரதங்களுக்கும் பாரதத்துக்கும் தொடர்பில்லை. அவை பிற்காலத்தில் ஒட்டிய பெயர்கள். கல்கியின் 'சிவகாமியின் சபதம்' 1944-46இல் தொடராக வந்தபிறகு படித்த தமிழனுக்கு இந்த ஊர் மாமல்லனின் கனவாகவே உறைந்துவிட்டது. இவை அனைத்தும் ராஜசிம்மன் காலத்தவை என்று இரா. நாகசாமி 1962இல் வாதிட்டார். அதை ஏற்பது, ஏற்காதது வேறு விஷயம். அப்படியொரு சர்ச்சை இருப்பதே பயணிக்குத் தெரிவதில்லை என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது.

உடனே 'சுற்றுலாப் பயணி மேலோட்டமானவன்' என்று முகம்சுளிக்கும் அறிவுஜீவிகளோடு எனக்கு உடன்பாடில்லை. வருஷத்துக்கு ஒருநாள் லீவு போட்டு, புளிசாதம் கட்டிக்கொண்டு, பிள்ளைகளோடு வருகிறவருக்கு மூன்று நாள் தங்கிப் பார்க்கச் சொல்வது கொழுப்பு. குறை அவர் கண்ணில் இல்லை. அவர் கண்ணுக்கு முன்னால் வைக்கப்படுவதில் இருக்கிறது. ஆறு இடங்களைக் குறைத்து மூன்றாக்கினால் அதே ஒருநாளில் அதே கூலிக்கு வேறொரு வாசிப்பு சாத்தியம்.

உதாரணத்துக்கு ஒன்று. திருக்கழுக்குன்றம் வழியாகக் காஞ்சியிலிருந்து வரும் வண்டி, மாமல்லபுரத்துக்குச் சற்று முன்பு பூஞ்சேரியைத் தாண்டும். அங்கே ஒரு பாறையில் பல்லவர்கால எழுத்தில் சில பெயர்கள் வெட்டப்பட்டுள்ளன: கேவாத பெருந்தச்சன், குணமல்லன், கொல்லன் சேமகன், திருவொற்றியூர் அபாஜர். இந்தக் கற்களில் உழைத்த சிற்பிகள், கொல்லர்கள் என்று கொள்ளப்படுகிறவர்கள். அரசர்களின் விருதுப்பெயர்கள் நிறைந்த ஊரில் வேலைசெய்தவர்களுக்குக் கிடைத்தது ஊருக்கு வெளியே ஒரு பாறை. அங்கேயும் வண்டி நிற்பதில்லை.

காஞ்சி தலைநகராகவும் மாமல்லை அதன் துறைமுகமாகவும் இருந்தபோது சென்னை என்றொரு நகரமே இல்லை. 1639இல் கம்பெனிக்கு இடம் கிடைத்த பிறகே அது வளர்ந்தது. திருவொற்றியூர் அதற்கு வெகுமுன்பே இருந்தது. இன்று சென்னைக்குள் அடங்கிவிட்ட அந்த ஊரிலிருந்து ஒருவர் அன்று மாமல்லைக்குப் போனார், பார்த்துவிட்டுத் திரும்ப அல்ல, வேலைசெய்ய. 'பாத்துட்டு வந்துடலாம்' என்று கிளம்புகிறவர்களுக்கு அந்தப் பாறையருகே பத்து நிமிஷம் ஒதுக்க அட்டவணையில் இடமிருக்கிறதா என்பது பயண ஏற்பாட்டைச் சேர்ந்த கேள்வி மட்டுமல்ல. யாருடைய வரலாற்றை நம் பிள்ளைகளுக்குக் காட்டுகிறோம் என்கிற அரசியல் கேள்வியும்கூட.