உறிஞ்சின கொழுப்பு திரும்ப வராதா?

லைப்போசக்‌ஷன் விளம்பரங்கள்ல அடிக்கடி கண்ணில் படும் ஒரு வரி: "எடுத்த கொழுப்பு செல்கள் திரும்ப வராது." பொய்னு சொல்ல முடியாது, குழாய் வெச்சு உறிஞ்சின செல்கள் போனதுதான். ஆனா படிக்கிறவங்க அதை "கொழுப்பே திரும்ப வராது"ன்னு எடுத்துக்கறாங்க. என் புகார் அதுலதான்.

கொலராடோ பல்கலைக்கழகத்தில் நடந்த ஓர் ஆய்வு 2011-ல் வெளியானது. மொத்தம் 32 பெண்கள், யாரும் குண்டு கிடையாது. குலுக்கல் முறையில் 14 பேருக்குத் தொடையிலும் அடிவயிற்றிலும் கொழுப்பை எடுத்தார்கள். மீதி 18 பேரைக் காத்திருக்கச் சொன்னார்கள். ஆறு வாரத்தில் நல்ல வித்தியாசம். ஒரு வருஷம் கழிச்சு அளந்தா, மொத்தக் கொழுப்பில் ரெண்டு கூட்டத்துக்கும் வித்தியாசமே இல்லை! தொடை இளைச்சது இளைச்சபடி இருந்தது. திரும்பி வந்த கொழுப்பு வயிற்றுப் பக்கம் சேர்ந்துவிட்டது. 32 பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான். ஆனாலும் குலுக்கிப் பிரிச்சு, ஒரு வருஷம் பொறுத்து அளந்ததால இதை லேசில் தள்ள முடியலை.

அடுத்த வருஷம் பிரேசிலின் சாவோ பாலோவில் இருந்து வந்த ஆய்வு இன்னும் கவலைப்பட வைக்கிறது. வயிற்றில் கொழுப்பு எடுத்துக்கிட்டு உடற்பயிற்சி செய்யாத பெண்களுக்கு, ஆறு மாசத்தில் குடலைச் சுற்றியுள்ள உள்கொழுப்பு சுமார் 10 சதவீதம் கூடியிருந்தது. பயிற்சி செய்தவர்களுக்குக் கூடவில்லை.

சர்க்கரை, பி.பி. குறையும்னு நம்பிப் போறவங்களுக்கு 2004-லேயே பதில் வந்தாச்சு. உடல் பருமனான 15 பெண்களிடம் கிட்டத்தட்ட 10 கிலோ கொழுப்பு எடுத்தும், 10-12 வாரம் கழிச்சு இன்சுலின், ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால் எதிலும் முன்னேற்றம் இல்லை. குழாய் தொடுவது தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பை மட்டும்தானே.

சில வாரம் வீக்கம், கன்றிப்போன தோல், இறுக்கு உடை, முழு வடிவம் தெரிய மாசக்கணக்கு: இதெல்லாம் டாக்டரே சொல்லிடுவார். உள்கொழுப்புக் கதையைச் சொல்வாரான்னு கேட்டுப் பாருங்க.

ஒண்ணு சொல்லாம விட்டா நியாயமில்லை. கொலராடோவில் காத்திருந்த பெண்களுக்கு ஆய்வு முடிவைச் சொன்ன பிறகும், பாதிக்கு மேற்பட்டவர்கள் சிகிச்சை வேணும்னு கேட்டார்கள். ஏமாளிகள்னு நான் சொல்லமாட்டேன். அவங்களை உறுத்தினது தொடை. தொடை இளைக்கும்னுதான் அந்த ஆய்வும் சொன்னது.